பென்ஸ், பிஎம்டபிள்யூ, லெக்சஸ்: எந்தக் காரின் தரத்தை நம்பி வாங்கலாம்?

கேள்வி இதுதான்: "சொகுசு கார் என்றால் பென்ஸ்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் தரப்பட்டியல் வரும்போதெல்லாம் லெக்சஸ் மேலே இருக்கிறது. ஜெர்மன் கார் வாங்கினால் ஒர்க்‌ஷாப்பிலேயே குடியிருக்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையில் எந்த கம்பெனியின் தரம் உயர்ந்தது? சென்னையில் ஐந்தாறு வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கலாம் என்று பார்க்கிறேன்."

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கில் பழுதில்லாமல் ஓட வேண்டும் என்பது உங்கள் முதல் தேவை என்றால் லெக்சஸ். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேகமாகப் போகும்போது சாலையைப் பிடித்து நிற்கும் உறுதி, வளைவில் ஸ்டியரிங் தரும் நம்பிக்கை, மற்றவர்களுக்கு முன்பே வரும் புதுத் தொழில்நுட்பம், இவை வேண்டும் என்றால் ஜெர்மன் கார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நண்பர்களுக்குள் இந்த வாக்குவாதம் ஓய்வதே இல்லை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு கம்பெனியின் பெயர் என்பது பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு வந்த கார்களைப் பார்த்து ஊர் பேசிய பேச்சு. கார் மாறிய பிறகும் பேச்சு மாற வெகுநாள் ஆகும். நல்ல பெயரும் அப்படித்தான், கெட்ட பெயரும் அப்படித்தான். அதனால் "பென்ஸ் நல்லதா?" என்று கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. எந்த வருடத்து பென்ஸ், எந்த இன்ஜின் என்று கேட்டால் சொல்லலாம்.

பென்ஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. 1976 முதல் 1986 வரை வந்த டபிள்யூ123 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 27 லட்சம் கார்கள் தயாரித்தார்கள். அந்தக் காலத்தில் பென்ஸில் இன்ஜினியர்கள் காரை முதலில் வடிவமைப்பார்கள், விலையைக் கணக்குப்பிள்ளைகள் பிறகு போடுவார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கைப்பிடியில் ஆட்டம் இருக்காது. கீல் முனகாது. ஓங்கிச் சாத்த வேண்டிய அவசியமே இல்லாமல், கதவு தன் எடையிலேயே போய்ப் பூட்டில் உட்காரும். நாற்பது வருடம் ஆன காரிலும் அப்படியே இருக்கும். மொராக்கோவில் ஊருக்கு ஊர் ஓடும் டாக்சிகளாக இந்த டீசல் பென்ஸ்கள் பல பத்து வருடம் ஓடின. கிரேக்க நாட்டு டாக்சிக்காரர் ஒருவர், இதற்கு முந்தைய மாடலான தன் 1976-ஆம் வருடத்து 240டி காரை 46 லட்சம் கி.மீ. ஓட்டிவிட்டுக் கடைசியில் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். இன்ஜினைப் பலமுறை மாற்றித்தான் அத்தனை தூரம் ஓடியது. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பாடியும் சேஸியும் தாங்கின அல்லவா, அதுதான் பெரிது.

இந்த மரியாதையை பென்ஸ் 1990-களில் கரைத்தது. முதல் அடி அந்தப் பத்தாண்டின் முதல் பாதியில் வந்த வயரிங். வயரின் மேல் உறைக்கு எளிதில் மக்கும் பொருளைப் பயன்படுத்தினார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற எண்ணம்தான். ஆனால் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் அது சில வருடங்களில் காய்ந்து நொறுங்கி உதிர்ந்தது. செம்பு வெளியே தெரிய ஆரம்பித்ததும் இன்ஜின் தாறுமாறாக நடந்துகொண்டது. டபிள்யூ124, எஸ்-கிளாஸ் டபிள்யூ140 என்று கம்பெனியின் பெருமைக்குரிய கார்களிலேயே இது நடந்தது. அடுத்து 1995-ல் வந்த டபிள்யூ210 இ-கிளாஸ் துருப்பிடித்தது. கதவு விளிம்பிலும் வீல் ஆர்ச்சிலும் கொப்புளம் கிளம்பியதைப் பார்த்து ஐரோப்பிய டாக்சிக்காரர்களே அதிர்ந்து போனார்கள். 1997-ல் அமெரிக்காவின் அலபாமாவில் தயாராகி வந்த எம்-கிளாஸ், ஆரம்ப வருடங்களில் தரத்தில் மிகவும் சறுக்கியது. அதே வருடம் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில், குறுக்கே வந்த தடையைத் தவிர்க்கத் திருப்பியபோது ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. 1998-ல் அமெரிக்க கம்பெனியான கிரைஸ்லருடன் இணைந்தார்கள். அந்த உறவு 2007 வரை நீடித்தது.

உச்சம் என்றால் எஸ்பிசி பிரேக்தான். பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் நேராக ஆயில் வழியாகச் சக்கரத்துக்குப் போகாமல், ஒரு கம்ப்யூட்டர் படித்துப் பார்த்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் போடும் ஏற்பாடு அது. யோசனை அருமை. ஆனால் அந்தப் பெட்டி, எத்தனை முறை பிரேக் போட்டோம் என்று எண்ணிக்கொண்டே இருந்து, குறிப்பிட்ட எண்ணிக்கை வந்ததும் "என்னை மாற்று" என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். விலையோ கடுமை. 2004-ல் 6,80,000 கார்களை இதற்காகத் திரும்ப அழைத்தார்கள். 2005-ல் பிரேக், ஆல்டர்னேட்டர், பேட்டரி மென்பொருள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 13 லட்சம் கார்கள். 2006-ல் இ-கிளாஸை மேம்படுத்தியபோது எஸ்பிசியைத் தூக்கிவிட்டுப் பழைய ஹைட்ராலிக் முறைக்கே திரும்பினார்கள். தோற்ற தொழில்நுட்பத்தைப் பிடிவாதம் பிடிக்காமல் விட்டதை நான் மதிக்கிறேன். 2007-க்குப் பிறகு வந்த சி-கிளாஸும், 2009 இ-கிளாஸும் நன்றாகவே மீண்டு வந்தன. ஆனால் 1998-லிருந்து 2005 வரை பென்ஸ் வாங்கியவர்கள் பெரும்பாலும் டபிள்யூ123-ன் பெயரை நம்பித்தான் பணம் கொடுத்தார்கள். பேச்சுக்கும் காருக்கும் இடையே இருந்த அந்த இடைவெளிக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

இதே காலத்தில் எதிர்ப்பக்கம் நடந்ததுதான் டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்சஸ். 1983-ல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் மிகச் சிறந்த காரை நம்மால் செய்ய முடியுமா என்று தன் ஆட்களைக் கேட்டார். தலைமை இன்ஜினியர் இச்சிரோ சுஸுகியின் கீழ் 1,400 இன்ஜினியர்கள் வேலை செய்தார்கள். சுமார் 450 முன்மாதிரிகள், 100 கோடி டாலருக்கு மேல் செலவு. சுஸுகியின் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது. சத்தம் வந்தால் அதைத் துணியும் நுரையும் வைத்து அமுக்கக் கூடாது, சத்தம் பிறக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்றார். அதாவது இன்ஜினின் ஒவ்வொரு உதிரிபாகத்தையும் இன்னும் துல்லியமாகக் கடைந்தெடுக்க வேண்டும். அப்படிக் கடைந்தெடுத்தது சத்தத்துக்காக. ஆனால் அதே துல்லியம்தான் தேய்மானத்தையும் குறைத்தது. அப்படிப் பிறந்த காரின் பெயர் எல்எஸ் 400. பதினாறு லட்சம் கி.மீ. ஓடிய அதன் 1996 மாடல் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது.

1989-ல் அந்த எல்எஸ் 400 அமெரிக்காவில் 35,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதே தகுதியுள்ள பென்ஸை விட மிகவும் குறைவு. வந்து சில மாதங்களிலேயே டிசம்பரில் சோதனை வந்தது. வயரிங்கில் ஒரு குறை, சூடாகிப்போன பிரேக் லைட் ஒன்று, ஆக மொத்தம் இரண்டே இரண்டு புகார். அதற்காக அதுவரை விற்ற 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். திரும்ப அழைத்தது பெரிய விஷயமில்லை. வீட்டுக்கே ஆள் அனுப்பி காரை எடுத்துப்போய், சரிசெய்து, திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். தொலைதூர ஊர்களில் இருந்தவர்களுக்கு மெக்கானிக்கை விமானத்தில் அனுப்பி, அங்கே கராஜ் வாடகைக்கு எடுத்து வேலை பார்த்தார்கள். 20 நாளில் முடிந்தது. ஒரு புது கம்பெனி தன் முதல் குறையை எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்து அடுத்த முப்பது வருடப் பெயரைச் சம்பாதித்த கதை இது. தரம் என்பதில் தொழிற்சாலைக்குச் சமமாக டீலரும் வருவார் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஏன் ஜெர்மனியால் அப்போது இதைச் செய்ய முடியவில்லை? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகின் கார் தொழிற்சாலைகளை ஒப்பிட்டு 1990-ல் வெளியிட்ட முடிவில் இதற்கு விடை இருக்கிறது. பெயர் சொல்லாத ஒரு ஐரோப்பிய சொகுசு கார் தொழிற்சாலையில், அசெம்பிளி லைன் முடிந்த பிறகு வெள்ளைக் கோட் போட்ட தொழில்நுட்பர்கள் கூட்டமாக நின்று ஒவ்வொரு காரையும் சரிபார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மொத்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அந்த இடத்தில் போனது. அதைத்தான் அவர்கள் கைவினை என்று பெருமையாக நினைத்தார்கள். ஆய்வாளர்கள் சொன்னது: பிழைகளைச் செய்துவிட்டுப் பிறகு திருத்துவதற்கு அந்தத் தொழிற்சாலை செலவழித்த உழைப்பு, ஜப்பானியத் தொழிற்சாலை ஒரு காரைப் பிழையில்லாமல் முழுதாகச் செய்து முடிக்கத் தேவைப்பட்டதை விட அதிகம். டொயோட்டா லைனில் எந்தத் தொழிலாளியும் குறையைக் கண்டால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே சரியாகாவிட்டால் லைன் நிற்கும். குறை அடுத்த இடத்துக்கு நகராது.

இதை முதலில் புரிந்துகொண்ட ஜெர்மன் கம்பெனி போர்ஷே. 1990-களின் தொடக்கத்தில் அது மூழ்கும் நிலையில் இருந்தது. வெண்டலின் வீடேகிங் பொறுப்புக்கு வந்ததும் டொயோட்டா முறையில் ஊறிய ஜப்பானிய ஆலோசகர்களைக் கூப்பிட்டார். தொழிற்சாலையில் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்த உதிரிபாக அலமாரிகளைப் பார்த்து, இது கார் தொழிற்சாலையா, கிடங்கா என்று அவர்கள் கேட்க, வீடேகிங்கே மின்வாளை எடுத்து அலமாரிகளின் மேல்பகுதியை அறுத்தார். இன்று ஜெர்மனியில் கார்களுக்குத் தகுதிச் சோதனை நடத்தும் டியூவி அமைப்பின் அறிக்கைகளில் பழைய போர்ஷே 911 அடிக்கடி முதல் வரிசையில் வருகிறது. 1997-லிருந்து சில வருடம் வந்த பாக்ஸ்டர், 911 கார்களின் ஐஎம்எஸ் பேரிங் (இன்ஜினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்குவது) மட்டும் விதிவிலக்கு. அந்தப் பேரிங் போனால் இன்ஜினே போய்விடும்.

சரி, பிஎம்டபிள்யூ. இங்கேதான் "எந்த இன்ஜின்?" என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் கிடைக்கும். 2007-ல் வந்த என்47 நான்கு சிலிண்டர் டீசலில் டைமிங் செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக வைத்தார்கள். ஆரம்ப வருடங்களில் அந்தச் செயின் தேய்ந்தது, சிலவற்றில் அறுந்தே போனது. மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையே இறக்க வேண்டும். செயினின் விலையைவிடப் பல மடங்கு கூலிக்கே போகும். 2008-ல் வந்த என்63 வி8 இன்ஜினில் இரண்டு டர்போவையும் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வைத்தார்கள். சூடு வெளியேற வழியில்லாமல் சீல்களும் ஹோஸ்களும் வெந்தன. ஆயில் குடித்தது. 2014-ல் அந்த இன்ஜினுக்கென்றே தனிப் பராமரிப்புத் திட்டத்தைக் கம்பெனி அறிவிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் 2015-ல் பி58 வந்தது. ஆறு சிலிண்டர் பெட்ரோல். பழைய பலவீனங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்திய இன்ஜின். டொயோட்டா தன் சுப்ரா காரை 2019-ல் மீண்டும் கொண்டுவந்தபோது தேர்ந்தெடுத்தது இதைத்தான். தரத்தில் டொயோட்டா எவ்வளவு கறாராக இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆக, 2010 மாடல் 750ஐ வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர் "பிஎம்டபிள்யூ பக்கமே போகாதே" என்பார். 2018 மாடல் 340ஐ வைத்திருப்பவர் "ஒரு தொந்தரவும் இல்லை" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

சென்னையில் இருப்பதால் இன்னொன்றும் கேட்பீர்கள்: நம்மூரில் பூட்டிய பிஎம்டபிள்யூ தரத்தில் குறைந்ததா? செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-லிருந்து பிஎம்டபிள்யூ தொழிற்சாலை ஓடுகிறது. முக்கியப் பாகங்கள் அதே சப்ளையர்களிடமிருந்து, அதே அளவுகோலில் வருகின்றன. இங்கே பூட்டப்பட்டதால் ஒரு கார் சீக்கிரம் கெட்டது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. மேலே சொன்ன என்47-ன் செயின் வரைபடத்திலேயே இருந்த தவறு. அதை எந்த ஊரில் பூட்டினாலும் தேயும்.

ஆடியின் கதை வேறு மாதிரி. 1986 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ஆடி 5000 கார் தானாகவே சீறிப் பாய்கிறது என்று ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதில் காட்டிய காரின் கியர்பாக்ஸில் துளை போட்டு, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துத்தான் பெடலை அசைத்திருந்தார்கள். 1989-ல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, பெரும்பாலும் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1985-ல் அங்கே 74,061 கார் விற்ற ஆடி, 1991-ல் விற்றது 12,283. எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள். பாடி முழுவதையும் துத்தநாகம் பூசித் துருவிலிருந்து காத்த கம்பெனி அது. 1985-லிருந்தே ஆடி 100 காரில் அதைச் செய்தார்கள். பத்து வருடம் கழித்து பென்ஸ் துருப்பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த ஆடிகள் சுத்தமாக நின்றன. இன்று ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிங்கிலிருந்து கியர் நகரும் இல்லையா, அந்த ஏற்பாட்டை அந்தப் பிரச்சினைக்குப் பிறகு கொண்டுவந்ததும் ஆடிதான்.

பிறகு ஆடி வேறொரு வழியில் பெயரை மீட்டது: கண்ணுக்கும் கைக்கும் தெரியும் தரம். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையே முடி அளவுகூட மாறாத இடைவெளி, தொட்டால் மெத்தென்று இருக்கும் டேஷ்போர்டு, ஒவ்வொரு சுவிட்சும் ஒரே அழுத்தத்தில் சொடுக்கும் விதம். இவற்றில் அவர்களை மிஞ்ச இன்றும் ஆள் குறைவு. ஆனால் ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தெரிவது இந்தத் தரம் மட்டும்தான். அதே காலத்தில் வந்த இரண்டாம் தலைமுறை இஏ888 இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் பிஸ்டன் ரிங்குகள் ஆயிலைத் தடுத்து நிறுத்தாமல் விட்டன. ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் ஊற்றியவர்கள் பலர். டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தால் இது தெரியாது.

ஜாகுவார், லேண்ட் ரோவர் பற்றிக் கேட்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஃபோர்டு 1989-ல் 250 கோடி டாலர் கொடுத்து ஜாகுவாரை வாங்கியது. தரத்தைத் திருத்தப் பெரும்பாடு பட்டது. 2009-ல் அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவர் வெளியிட்ட மூன்று வருட நம்பகத்தன்மைப் பட்டியலில் ஜாகுவாரும் பியூக்கும் சேர்ந்து முதலிடம் பிடித்தன. லெக்சஸே அவற்றுக்குப் பின்னால்தான். ஆனால் அதற்கு முந்தைய வருடமே ஃபோர்டு அதை லேண்ட் ரோவருடன் சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடாவிடம் விற்றுவிட்டிருந்தது. ஜாகுவார் முதலிடம் வாங்கிய செய்தி இன்றும் பலருக்குத் தெரியாது. பழைய கெட்ட பெயர் அவ்வளவு கெட்டியாக ஒட்டியிருந்தது. பிறகு டாடா காலத்தில் சொந்தமாகச் செய்த இன்ஜீனியம் டீசல்களில் செயின் தேய்வது, டீசல் கசிந்து இன்ஜின் ஆயிலில் கலப்பது என்ற குறைகள் வந்து, பழைய பேச்சுக்கே வலு சேர்த்தன. ரேஞ்ச் ரோவரில் உட்கார்ந்து போவதற்கு இணையான சுகம் எந்தக் காரிலும் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வாரண்டி முடிந்த ஒன்றை வாங்கச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

வால்வோ பாதுகாப்பில் சம்பாதித்த பெயர் நியாயமானது. 1959-ல் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்து, அந்தக் காப்புரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்ட கம்பெனி அது. இயந்திரத் தரத்தில் நடுத்தரம். ரோல்ஸ் ராய்ஸுக்குள் இருப்பது பிஎம்டபிள்யூ, பென்ட்லிக்குள் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமம். அவற்றை வாங்குபவர்கள் இப்படி ஒரு கேள்வி கேட்பதில்லை.

இப்போது அந்தப் பட்டியல்கள். ஒவ்வொன்றும் அளப்பது வேறு. ஜே.டி. பவர் ஒரு கணக்கெடுப்பில் முதல் 90 நாளையும் இன்னொன்றில் மூன்று வருடம் ஆன காரையும் பார்க்கிறது. 100 காருக்கு எத்தனை புகார் என்பதுதான் கணக்கு. 2025 பட்டியலில் லெக்சஸுக்கு 140, எல்லாக் கம்பெனிகளின் சராசரி 202. ஆனால் போன் புளூடூத்தில் இணையவில்லை என்பதும் ஒரு புகார், கியர்பாக்ஸ் உடைந்தது என்பதும் ஒரு புகார். சமீப வருடங்களில் அதிகப் புகார் திரை, போன் இணைப்பு வகையறாவில்தான் வருகிறது. நிறைய எலக்ட்ரானிக்ஸ் திணித்த சொகுசு கார்கள் அங்கே அடிவாங்குவதற்கு இது பெரிய காரணம். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், பெரிய பழுதுக்கு அதிக எடை கொடுக்கிறது. அதனால் நான் அதை அதிகம் நம்புவேன். ஜெர்மனியின் கார் ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி, நடுரோட்டில் நின்றுபோன கார்களை எண்ணுகிறது, அதில் பாதிக்குக் கிட்ட வெறும் பேட்டரி பிரச்சினை. டியூவி பார்ப்பது பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன், துரு. ஜெர்மன் கார்கள் ஜெர்மன் அறிக்கைகளில் நன்றாக வருவதும் அமெரிக்கப் பட்டியலில் கீழே போவதும் இதனால்தான். யாரும் பொய் சொல்லவில்லை.

ஜெர்மன் கார் ஐந்தாறு வருடத்தில் ஏன் செலவு வைக்க ஆரம்பிக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அங்கே புது பிஎம்டபிள்யூ, ஆடிகளில் பெரும்பங்கு கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளுக்குக் குத்தகைக்கு எடுத்துத் தருபவை. மூன்று, நான்கு வருடத்தில் கை மாறும். அந்த முதல் வாடிக்கையாளருக்குப் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிய வேண்டும் என்று ஆயில் மாற்றும் இடைவெளியை 30,000 கி.மீ. வரை நீட்டினார்கள். எடை குறைய வேண்டும் என்று கூலன்ட் பைப், வால்வு கவர், ஆயில் ஃபில்டர் கூடு எல்லாம் பிளாஸ்டிக். புதிதில் அருமையாக இருக்கும். ஏழாவது வருடத்தில் கூலன்ட் பைப்பின் முனையை விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உடையும். சென்னை வெயிலிலும் நெரிசலிலும் அந்த ஏழு வருடம் ஐந்தாகக் குறையலாம்.

இஎஸ் 300எச் போன்ற லெக்சஸ் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார்) இதிலிருந்து தப்பிப்பது எப்படி என்றால், கெட்டுப்போகப் பல பாகங்கள் அதில் இல்லவே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, டர்போ கிடையாது. கியர்பாக்ஸ் என்பது ஒரு பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டார்களும்தான். தேயும் கிளட்ச் தட்டோ பெல்ட்டோ இல்லை. அழுத்தினால் இன்ஜின் ஒரே குரலில் கத்தும், ஓட்டுவதில் உற்சாகம் குறைவு. இது நியாயமான குறை. ஆனால் டொயோட்டாவும் தவறே செய்யாத கம்பெனி அல்ல. 2009-ல் கலிஃபோர்னியாவில் லெக்சஸ் இஎஸ் 350 ஒன்றில் பெடல் மேட்டில் சிக்கி நடந்த கோர விபத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. உண்மையை மறைத்ததற்காக 2014-ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் அபராதம் கட்டியது. 2024-ல் இன்ஜினுக்குள் உலோகத் துகள் தங்கியதால் டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் என்று சுமார் 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதே வருடம் பிஎம்டபிள்யூ, சப்ளையர் கொடுத்த பிரேக் பாகத்தால் 15 லட்சம் வண்டிகளுக்கு அதைச் செய்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் ஊருக்குள் பத்துப் பதினைந்து கி.மீ. மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் வேண்டாம், எந்த கம்பெனியாக இருந்தாலும். புகை வடிகட்டியில் சேரும் கரி எரிய நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். லெக்சஸ் இஎஸ் 300எச் கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். கர்நாடகத்தின் பிடதியில் 2020-ல் அதைப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஹைப்ரிட் பேட்டரி வாரண்டி எவ்வளவு மீதி, புது உரிமையாளருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஓட்டுவதில் ஆசை உள்ளவர் என்றால் நான்கு சிலிண்டர் பி48 அல்லது மேலே சொன்ன பி58 பெட்ரோல் இன்ஜின் உள்ள பிஎம்டபிள்யூ. அதில் ஆயிலைக் கம்பெனி சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே மாற்றியிருக்கிறார்களா என்று பில்களைப் பாருங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவர் என்றால் பெட்ரோல் இ-கிளாஸ் நல்ல தேர்வுதான். எதை எடுத்தாலும், வாங்கும் விலைக்கு மேல் பத்து சதவீதம் முதல் வருடச் செலவுக்குத் தனியாக வைத்திருங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரானால் முதல் நாள் மாலை சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் போய்ப் பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் ஏர் பையில் கசிவு. கம்ப்ரசரும் அதை ஈடுகட்ட ஓடி ஓடித் தேய்ந்திருக்கும். இன்னொன்று, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களில் எத்தனையோ கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கும். இந்த கார்களில் கண்ட்ரோல் யூனிட்டுகள் பல, சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் அடிப்பள்ளத்திலும்தான் இருக்கும். தண்ணீர் புகுந்தால் மாதங்கள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகச் சாகும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்து, நாடாவில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடத்தின் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றையும் அந்த டிசம்பர், ஜனவரி மாத சர்வீஸ் பதிவுகளையும் கேளுங்கள். தர மறுத்தால், எந்த பேட்ஜ் போட்ட காராக இருந்தாலும் அடுத்த காரைப் பார்க்கப் போய்விடுங்கள்.